அண்ணாந்து குடிக்கும் வீடு

முதலில் வந்தது இருமல்தான். உடம்புச் சூடு என்று நானே பெயர் வைத்து, பார்லித் தண்ணீர் காய்ச்சிக் குடித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்க வைத்துவிடுவார்கள். நான் படுத்தால் அடுப்படி சரோஜா கைக்குப் போய்விடும். சரோஜா என் ஓரகத்தி, கொழுந்தனார் மனைவி. இருமிக்கொண்டே வீட்டிலிருக்கும் உங்களுக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும். எனக்குத் தெரியாதா!

சிராங்கூன் சாலையில் ஒரு கடைக்கு மேலே, ஆளுக்கோர் அறையாக இரண்டு குடும்பம். என் கணவருக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. நானும் மகள் வள்ளியும் ஒரே பாயில் படுப்போம். இருமல் தொடங்கியதுமே, பிள்ளை தூங்கவில்லை என்று சரோஜா அவளைத் தன் அறைக்குத் தூக்கிப் போனாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. வள்ளி அங்கேயே ஒட்டிக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

சளியில் ரத்தம் கண்ட பிறகுதான் போனேன். எக்ஸ்ரே (நெஞ்சுக்குள் பார்க்கும் படம்) எடுத்துவிட்டு, காசநோய் என்றார் டாக்டர்.

யாருக்கெல்லாம் தொற்றியிருக்கும் என்று விசாரிக்க மிஸ்ஸி (தாதி) வீட்டுக்கே வந்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நாங்க அண்ணாந்துதான் குடிப்போம் மிஸ்ஸி. எச்சில் பண்ற வீடு இல்ல இது."

"எச்சில் இல்லக்கா, இருமுற காத்துலதான் பரவுது. உங்க பக்கத்துல யாரு படுக்கிறா?"

"யாரு படுக்கிறா? எம் பொண்ணத்தான் இவ பிடுங்கிக்கிட்டாளே!"

சரோஜா வள்ளியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

வீட்டில் எல்லாருக்கும் படம் எடுத்தார்கள். வள்ளியின் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த நேரம், என் உயிர் என்னிடம் இல்லை.

"ஒண்ணும் இல்லம்மா. பிள்ளை வேற அறையில படுத்தது நல்லதாப் போச்சு."

பிள்ளை பிழைத்தாள் என்று அழுதேன். சரோஜாவால் பிழைத்தாளே என்றும் அழுதேன்.

வார்டில் ஸ்ட்ரெப்டோமைசின் (கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) போட்டார்கள். வாராவாரம் சரோஜா சோறு கொண்டு வந்தாள். "வள்ளி நல்லா சாப்பிடுறாக்கா" என்பாள். யார் ஊட்டுவது என்று நான் கேட்கமாட்டேன். சோறு இறங்காது.

ஒருவழியாகக் கிருமி போய்விட்டது, இனி பிள்ளையைப் பக்கத்தில் விடலாம் என்று அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்கு வந்த மதியமே பாய் விரித்து வள்ளியைக் கூப்பிட்டேன். தலையணையோடு வந்தவள் பாயின் ஓரத்திலேயே நின்றாள்.

"அம்மா, இருமல் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. நான் சின்னம்மாகிட்ட போயிடறேன்."

இப்போது உடம்பில் நோய் இல்லை. ஆனால் அவள் பக்கத்தில் படுத்திருக்கும்போது, தொண்டை கரகரத்தாலும் நான் செருமுவதில்லை.