என் மகள் வாய் திறந்த வெள்ளிக்கிழமை

அன்பான விசுவாசிகளே, எங்கள் வீட்டில் மூன்று வாரம் சோற்றுப் பானை மிஞ்சிக்கொண்டே இருந்தது. என் மகள் அனுஷா சாப்பிடவில்லை. அதைப் பார்த்து எனக்கும் இறங்கவில்லை. 2007ஆம் ஆண்டு. அவளுக்குப் பதினைந்து வயது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலையில் குடியிருக்கிறேன். தபால் கந்தோரில் வேலை. என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க உத்தியோகம். அப்போது அவரை வவுனியாவுக்கு மாற்றியிருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். வீட்டில் நானும் மகளும் மட்டும். பள்ளிக்கூடம் விட்டதும், சனிக்கிழமைகளிலும் அவள் மாத்தளை டவுனில் கம்பியூட்டர் கிளாஸுக்குப் போவாள். பிள்ளை முன்னேறுகிறாள் என்று எனக்குப் பெருமை. அந்தப் பெட்டிக்குள் யார் யார் வந்து போகிறார்கள் என்று எனக்கு என்ன தெரியும்?

முதலில் அவள் சிரிப்பு நின்றது. பிறகு பேச்சு நின்றது. டெலிபோன் மணி அடித்தால் திடுக்கிட்டு எழும்புவாள். கிளாஸுக்குப் போகமாட்டேன் என்று ஒரு நாள் அழுவாள். அடுத்த நாள் போயே ஆக வேண்டும் என்று நிற்பாள். ஏதோ காதல் விஷயம் என்று நினைத்தேன். கேட்டேன். மிரட்டினேன். ஒரு நாள் கன்னத்தில் அறைந்தும் விட்டேன். அவள் அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தினமும் முழங்காலில் நின்றேன். "கர்த்தரே, இவளைப் பேச வையும்" என்பதுதான் என் ஜெபம். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. நாட்கள்தான் போயின.

புதன்கிழமைகளில் பல்லேபொலையில் புஷ்பம் அக்கா வீட்டில் எங்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். அந்தப் புதன் அக்கா என் கையைப் பிடித்து, "என்னம்மா, முகமே வாடிப் போச்சு? பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையா?" என்று கேட்டாங்க. "பரீட்சைக் கவலைங்க அக்கா, அதுக்கு ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டேன். மானம் போய்விடும் என்ற பயம்.

திரும்பி வரும் பஸ்ஸில் இருக்க முடியவில்லை. ஜெபிக்கப் போன இடத்திலேயே பொய் சொல்லிவிட்டு வருகிறேன். உண்மையைச் சொல்ல எனக்கே இவ்வளவு பயம் என்றால், என் கையால் அடி வாங்கிய பிள்ளை எப்படிச் சொல்வாள்? அந்த யோசனை என்னுடையது இல்லை. நான் அப்படி யோசிக்கிற ஆள் இல்லை. அவளைப் பேச வையும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கர்த்தர் முதலில் என்னிடம்தான் பேசினார்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு உபவாசத்தோடு வீட்டுக்கு வந்தேன். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து கட்டிலில் இருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உன்னை அடிச்சது என் தப்பு. மன்னிச்சிரு மகள். நீ என்ன செஞ்சிருந்தாலும் நான் கத்த மாட்டேன். இன்னைக்குச் சொல்ல வேணாம்னா வேணாம். நான் சும்மா பக்கத்துல இருக்கேன்."

அவ்வளவுதான். துவைத்த உடுப்புகளை மடிக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து அவளும் ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். பாதியில் கை நின்றது.

"அம்மா, நாளைக்கு நான் கிளாஸுக்குப் போகல. சீகிரியாவுக்குத் திரும்புற சந்திக்கு வரச் சொல்லியிருக்காங்க."

எல்லாம் வெளியே வந்தது. இன்டர்நெட்டில் பலர் கூடிப் பேசும் இடத்தில் கண்டிப் பிள்ளை ஒருத்தி பழக்கமானாளாம். பெயர் ரோஷினி, வயது பதினாறு என்று சொன்னாளாம். இங்கிலீஷ் எழுத்தில் தமிழில் எழுதிக்கொள்வார்கள். அப்பா ஊரில் இல்லாத கவலையை எல்லாம் என் மகள் அவளிடம்தான் சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடம், பஸ் ஏறும் நேரம், வீட்டு டெலிபோன் நம்பர், எல்லாம் கொடுத்துவிட்டாள். ஒரு படமும் அனுப்பியிருக்கிறாள். பள்ளிச் சீருடையில் எடுத்த சாதாரணப் படம். அதற்குப் பிறகுதான் ரோஷினி என்பது ஒரு ஆண் என்று தெரிந்திருக்கிறது. சொன்னபடி வராவிட்டால் அவள் படத்தையும் பெயரையும் பொலிஸுக்கு அனுப்பி, புலிகளோடு தொடர்பு என்று எழுதிப் போடுவானாம். உன் அப்பா யாழ்ப்பாணம், வவுனியாவில் இருக்கிறார், யார் உன்னை நம்புவார்கள் என்று கேட்டிருக்கிறான்.

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் இப்படி ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். என் பிள்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போகவில்லை. தன் அப்பாவைக் காப்பாற்றவே போகத் துணிந்திருந்தாள்.

நான் கத்தவில்லை. அவளைக் கட்டிக்கொண்டேன். இருவரும் அங்கேயே ஜெபித்தோம். பிறகு கணவருக்கு டெலிபோன் எடுத்தேன். லைன் கிடைப்பதே கஷ்டம். அன்று முதல் தரமே கிடைத்தது.

"பிள்ளையை ஏசாதையும். பக்கத்திலேயே இரும்" என்றார். "பொலிஸுக்குப் போம். எனக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை. நான் இப்பவே வெளிக்கிடுறன்."

கம்பியூட்டர் கிளாஸ் நடத்தும் நில்மினி மிஸ்ஸிடம் போனோம். சிங்களப் பெண்மணி. கேட்டதும் எழுந்தார். மகள் வழக்கமாக இருக்கும் கம்பியூட்டரைத் திறந்து தேடினார். எழுதிய பேச்செல்லாம் அதிலேயே பதிந்து கிடந்தது. அழிந்திருக்கும் என்றுதான் மகள் நினைத்திருந்தாள். மிஸ் எல்லாவற்றையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு, "நானும் வாறேன், தனியாப் போக வேணாம்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

பொலிஸ் வாசலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஒரு பெண் சார்ஜன்ட் இருந்தார். மகள் அர்த்தம் சொல்ல, மிஸ் அதைச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார்; சார்ஜன்ட் ஒவ்வொரு தாளாகக் கேட்டார். அந்த மிரட்டல் இருந்த தாளும் வந்தது. அவர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மகளைப் பார்த்துச் சிங்களத்தில் பேசினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மகள், இவன் எங்க பேரைச் சொல்லி உன்னைப் பயம் காட்டியிருக்கிறான். நீ இங்க வரமாட்டேன்னு நினைச்சிருக்கிறான். வந்தது நல்லது."

மூன்று வாரத்துக்குப் பிறகு என் பிள்ளை சத்தம் போட்டு அழுதாள். அந்த அழுகைக்காக நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

மறுநாள் சிவில் உடுப்பில் பொலிஸார் அந்தச் சந்தியில் நின்று அவனைப் பிடித்தார்கள். நாற்பது வயதைத் தாண்டியவன். அவனிடம் வேறு பிள்ளைகளின் படங்களும் இருந்தனவாம். பகல் சாப்பாட்டு நேரத்தில் கணவர் வந்து சேர்ந்தார். வழியெல்லாம் சோதனைச் சாவடி, நித்திரை இல்லாத கண். ஒன்றும் கேட்காமல் மகளின் தலையில் கை வைத்தார். அன்று மூவரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். மகள் இரண்டாம் தரம் சோறு கேட்டாள்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. வழக்கில் மகளை ஒரு தரம்தான் கூப்பிட்டார்கள், அவன் முகத்தைப் பார்க்க வைக்கவில்லை. இப்போது உயர்தரம் படிக்கிறாள். கம்பியூட்டரை விடவில்லை. நானும் அவளிடம் டைப் பண்ணப் பழகுகிறேன், ஒரு விரலால்தான். நில்மினி மிஸ் கிளாஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அனுஷாவே சொல்லிக் கொடுக்கிறாள்: முகம் தெரியாதவருக்குப் படம் கொடுக்காதே, விலாசம் கொடுக்காதே, யாராவது 'வீட்டில் சொல்லாதே' என்றால் அன்றைக்கே வீட்டில் சொல்லு.

பெற்றோராகிய உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை யாரோடு பேசுகிறாள், பேசுகிறான் என்று விசாரியுங்கள். ஆனால் அதற்கு முன்னே, பயமில்லாமல் வந்து சொல்லக்கூடிய தாயாகவும் தகப்பனாகவும் உங்களை ஆக்கும்படி கர்த்தரிடம் கேளுங்கள். அவர் என்னையே மாற்றினார். உங்களுக்கும் செய்வார். இன்றைக்கே கேளுங்கள்.