கழலாத பாவாடையும் பதினொரு புத்திமதியும்

டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில் இருக்கும் யோகமலரின் கோபத்துக்கு முப்பது வயது இருக்கும். உடுப்புத் தொழிற்சாலையில் காலை முறைக்குப் போன காலத்தில் பிறந்த கோபம் அது. அங்கே பன்னிரண்டு வருஷம் தொழிலாளர் பிரதிநிதியாக இருந்தவள். முதலாளி காலை வணக்கம் சொன்னால்கூட, அதை எழுத்தில் தா என்று கேட்பாள் என டெனிஷ்காரரே பகிடி பண்ணுவார்கள். தொழிற்சாலையைப் பிரித்து லித்துவேனியாவுக்குக் கப்பலேற்றியபோது அவளுடைய தையல் மெசின் மட்டும் போகவில்லை. நாலு பேர் தூக்கியும் அசையவில்லை, அவள் முறைத்த முறைப்பில் தரையோடு ஒட்டிக்கொண்டது என்பது ஒரு கதை. கழிவு விலைக்கு வாங்கினாள் என்பது இன்னொரு கதை. எதை நம்புவது என்பது கேட்கிறவர் பாடு.

அந்த மெசினில்தான் யூலண்ட் குடாநாடு முழுவதற்கும் பரதநாட்டிய அரங்கேற்ற உடுப்புகள் தைக்கிறாள். கொளுக்கிக்கு மேல் கொளுக்கி, அதற்குள்ளே ஆருக்கும் தெரியாமல் நைலோன் நூலால் ஒரு கள்ளத் தையல். ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு பிள்ளை தில்லானாவுக்கு மிதித்த மிதியில் மேடைப் பலகை பிளந்து, இடுப்பளவுக்கு உள்ளே போய்விட்டாள். பலகைதான் பிளந்தது, விசிறி மடிப்பில் ஒன்றுகூடக் கலையவில்லை. தீயணைப்புக்காரர் வந்து அவளைத் தூக்கியதே அந்த இடுப்புப் பட்டியில் பிடித்துத்தான்.

இப்பேர்ப்பட்ட தையற்காரியிடம் போன மாசியில் யூலியானா வந்து, "யோகக்கா, ஒரே இழுவையில கழண்டு வாற மாதிரி ஒரு பாவாடை தைச்சுத் தாங்கோ" என்று கேட்டாள்.

யோகமலர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள். "ஏன் கழரோணும்?"

யூலியானாவுக்கு முப்பத்தேழு வயது. பதினாலு வருஷம் முதியோர் இல்லத்தில் வேலை. எட்டு வருஷமாக ஹெர்னிங்கில் கம்பத்தில் ஏறி ஆடப் பழகியவள். ஓகூஸில் உள்ள ஒரு இரவு விடுதியில் ஆடப் போகிறாள். உடுப்பை ஒவ்வொன்றாகக் களைந்து ஆடுகிற ஆட்டம். இதைச் சொல்லும்போது அவள் தலை குனியவுமில்லை, குரல் தாழவுமில்லை. முதியோர் இல்லத்துக்கு விலகல் கடிதம் கொடுத்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை பரீட்சை ஆட்டம். அது சரிவராவிட்டால் மாதக் கடைசியில் இந்த வேலையும் இல்லை, அந்த வேலையும் இல்லை.

பக்கத்து அறையிலிருந்து குணசேகரம் இருமினார். யோகமலரின் புருஷன், பஸ் சாரதி. அபிப்பிராயங்களை இருமலாகத்தான் வெளியிடுவார். அன்று இருமலோடு சொல்லும் வந்தது. "ஊர் என்ன சொல்லும் எண்டு யோசிச்சனியளோ?"

"ஊருக்கு நான் பாவாடை தைக்கேல்லை, இஞ்சேருங்கோ. நீங்கள் உங்கட தேத்தண்ணியைக் குடியுங்கோ." யோகமலர் யூலியானாவின் பக்கம் திரும்பினாள். "வேலை ஒப்பந்தம் எங்க?"

"ஒப்பந்தம் இல்லை அக்கா. இது ஒரு குடும்பம் மாதிரி எண்டு ஹென்றிக் சொன்னவர். அவர்தான் விடுதியை நடத்துறவர். இதைத்தான் தந்தவர்."

நீட்டியது ஒரு தாள். தலைப்பு: புதிதாக வருகிறவளுக்குப் பதினொரு புத்திமதிகள். யோகமலருக்கு டெனிஷ் சட்டத் தாள்களே மென்று துப்புகிற வெற்றிலை மாதிரி. வாசிக்க வாசிக்க அவள் காது மடல் சிவந்தது. சிரித்துக்கொண்டே இரு. விருந்தினர் வாங்கித் தரும் எதையும் மறுக்காதே. ஏழாவது: விருந்தினரின் கை தவறிப் பட்டால் பகிடியாக எடுத்துக்கொள்.

"பட்டால் எண்டு எழுதியிருக்கிறான்! கை என்ன, தன்ரபாட்டில நடந்து வருமோ? கைக்குப் பின்னால ஒரு ஆளெல்லோ நிக்கிறான்!"

பதினோராவதை வாசித்ததும் எழும்பியே விட்டாள். வேலை நிபந்தனைகளைப் பற்றி மற்றப் பெண்களோடு கதைக்காதே.

"தொழிற்சாலையிலயும் இதைத்தான் சொன்னவங்கள். குடும்பம் எண்டு சொல்லுற முதலாளியிட்ட முதல் கேக்க வேண்டியது, அந்தக் குடும்பத்தில நான் ஆர் எண்டு. உடுப்பைக் கழட்டி ஆடுறது உன்ர தொழில், பிள்ளை. அதுக்காக உன்ர வாயையும் கழட்டி அவன்ர மேசையில வைக்கேலாது!"

பாவாடையைத் தைத்தாள். நீலப் பட்டு, பக்கவாட்டில் பிரஸ் பட்டன்கள், ஒரே இழுவையில் படபடவென்று திறந்தது. அதோடு விட்டிருக்க வேண்டும். திங்கட்கிழமை மத்தியானம் உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தாளைக் குணசேகரத்துக்கு உரத்து வாசித்துக் காட்டினாள். ஒவ்வொரு புத்திமதிக்கும் ஒரு வசை. வாய் வைதுகொண்டிருக்க, கை தன் பழக்கத்தில் ஊசியைக் கோத்துவிட்டது. எந்த உடுப்பு முடிந்தாலும் கடைசியாகக் கள்ளத் தையல் போடுகிற கை. புத்திமதி பதினொன்று, முடிச்சும் பதினொன்று. அவள் கவனிக்கவேயில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் ரெயிலேறி ஓகூஸுக்குப் போனார்கள். பாவாடையில் பாசிமணி கழன்றால் தைத்துவிட ஆள் வேண்டுமென்று யோகமலர் தானும் புறப்பட்டிருந்தாள். உண்மையில் ஹென்றிக்கின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பின்பக்க அறையில் லோனெ என்றொரு பெண் இருந்தாள். இருபது வருஷம் ஆடியவள், முழங்காலில் தோல் காய்த்துப்போயிருந்தது. அவள் கேட்காமலே சொன்னாள்: "கம்பத்தை உன் கையாலேயே துடை, வேறு யாரையும் நம்பாதே. உன் கண்முன்னே ஊற்றாத எதையும் குடிக்காதே. சொந்தப் பெயரை வீட்டில் விட்டுவிட்டு வா. போகும்போது தனியாகப் போகாதே."

"இதல்லவா புத்திமதி!" என்றாள் யோகமலர். "அந்தத் தாளில் ஏன் இதில் ஒன்றுகூட இல்லை?"

லோனெ தோளைக் குலுக்கினாள். "அது எங்களுக்காக எழுதினது இல்லையே."

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கதிரைகளெல்லாம் மேசைமேல் கவிழ்த்துக் கிடக்க, முன்னால் ஹென்றிக்கும் விடுதிக்கு வாடிக்கையாக வரும் அவனுடைய கூட்டாளி ஒருவனும் மட்டும் இருந்தார்கள். கூட்டாளிக்கு மத்தளம் மாதிரி உடம்பு. முதற் பாட்டுக்கு யூலியானா கம்பத்தில் ஏறினாள். குரங்கும் ஏணி கேட்கிற உயரத்தில் தலைகீழாக நின்று, கையை விட்டுவிட்டுச் சுழன்றாள். அவள் இறங்குவதற்குள் ஹென்றிக்கின் கோப்பி ஆறி ஆடை படிந்துவிட்டது. கூச்சப்படத் தயாராக வந்திருந்த யோகமலர், தன்னை அறியாமல் தொடையில் தாளம் போட்டாள்.

இரண்டாம் பாட்டு. யூலியானா பாவாடையை இழுத்தாள். பட்டன்கள் படபடத்தன. பாவாடை வரவில்லை. இன்னொரு இழுவை. அசையவில்லை.

யோகமலர் தையற்பெட்டிக்குள் கத்தரிக்கோலைத் துழாவினாள். ஐயோ, கள்ளத் தையல்!

யூலியானா விடவில்லை. இழுப்பதையே ஆட்டமாக்கிச் சுழன்றாள், தோளைக் குலுக்கினாள், பின்னால் நின்ற லோனெ சிரித்துக் கைதட்டினாள். அப்போதுதான் அந்தக் கூட்டாளி, "நான் உதவி செய்கிறேன்" என்று மேடையில் ஏறினான். ஏறி, பாவாடையைப் பிடித்தான். "கையை எடு" என்றாள் யூலியானா. அவன் சிரித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தான். காலை மேடை விளிம்பில் ஊன்றி, நங்கூரம் இழுக்கிறவன் மாதிரி இழுத்தான். பதினொரு முடிச்சில் ஒன்றாவது தளர வேண்டுமே! யூலியானா கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவன் பிடி வழுக்கி, பின்பக்கமாகப் பறந்து, இரண்டு மேசையும் ஆறு கதிரையும் தாண்டி விழுந்தான். அவன் கையில் ஒரேயொரு பாசிமணி இருந்தது.

ஹென்றிக் எழும்பி ஓடியது அவனிடந்தான். பிறகு திரும்பி யூலியானாவைப் பார்த்துக் கத்தினான்: "ஏழாவதை வாசிக்கவில்லையா? விருந்தினரோடு இப்படியா நடப்பது? நீ வேண்டாம். போகலாம்."

யோகமலர் தையற்பெட்டியை டமாரென்று மேசையில் வைத்தாள்.

"போவதற்கு முதல் எனக்கொரு விளக்கம் வேண்டும். இவள் கையை எடு என்றாள், எனக்குக் கேட்டது, உன் காதில் மட்டும் ஏன் விழவில்லை? விழுந்தவன் இவன். பிடித்தவனும் இவன். வேலை போவது இவளுக்கா? எந்த ஊர் நியாயம் இது?"

"நீ யார்?"

"அந்தப் பாவாடையைத் தைத்தவள். முன்னூறு பேருக்குப் பிரதிநிதியாக இருந்தவள். உன் பதினோராவது புத்திமதியை இப்போது நாங்கள் எல்லாரும் சேர்ந்து கதைக்கப் போகிறோம்."

"எனக்கும் இதே தாளைத்தான் தந்தார்கள்" என்றாள் லோனெ, மெதுவாக. "இருபது வருஷத்துக்கு முன். ஏழாவது அப்போதும் ஏழாவதுதான்." யூலியானாவின் பக்கத்தில் போய் நின்றாள். "இவள் போனால் வெள்ளிக்கிழமை நானும் வரமாட்டேன். மற்ற மூன்று பேரிடமும் கேட்கிறேன்."

 ஹென்றிக் யோகமலரோடு பேரம் பேச வாயைத் திறந்தான். "என்னோட கதையுங்கோ" என்று தமிழில் வந்துவிட்ட வாயை டெனிஷுக்குத் திருப்பினாள் யூலியானா. மேடையில், இடுப்பில் அந்தப் பாவாடையோடு, மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. "ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். இந்த ஆள் இனி உள்ளே வரக்கூடாது, அதுவும் எழுத்தில். அந்தத் தாளை நீயே கிழிக்க வேண்டும். வியாழக்கிழமை வரைக்கும் யோசி."

திரும்பும் ரெயில் சில்கெபோர்க் என்ற ஊரைத் தாண்டியதும் யோகமலர் பொரிந்தாள். "அவனைத் திட்டிப்போட்டு வந்திட்டன். என்னை ஆர் திட்டுறது? நீ கழரோணும் எண்டு கேட்டனி. நான் என்ர விருப்பத்துக்குத் தைச்சுப் போட்டன். நீ மேடையில நிண்டு இழுக்க இழுக்க எனக்கு உயிர் போச்சு. பிழை, பிள்ளை. சரியான பிழை."

"அவன் இழுக்கேக்க வராதது நல்லதாப் போச்சுத்தானே அக்கா."

"அது தற்செயல்! தற்செயலை நம்பித் தொழில் செய்யேலாது."

யூலியானா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப இப்பிடித் தையுங்கோ. நான் இழுத்தால் வரோணும். வேற ஆர் இழுத்தாலும் வரக்கூடாது."

இப்படியொரு துப்புரவான கட்டளையை யோகமலர் தன் வாழ்நாளில் வாங்கியதில்லை. அன்று பின்னேரமே பதினொரு முடிச்சையும் வெட்டினாள். இரண்டு நாள் மெசினை விட்டு எழும்பவில்லை. உள்ளே ஒரு சின்னக் கொளுக்கி. ஆடுகிறவளின் விரல் மட்டும் போகிற ஒரு இடம். குணசேகரம் எட்டிப் பார்த்து இருமினார். "உங்களுக்குத் தேவையில்லாத இடம்" என்று கதவைச் சாத்தினாள்.

வியாழக்கிழமை ஹென்றிக் கையெழுத்துப் போட்டான். மூன்று பக்கம். யோகமலர் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு வாசித்து, இரண்டு இடத்தில் திருத்தி, அதற்கும் பக்கத்தில் கையெழுத்து வாங்கினாள். தாளை அவனே கிழித்தான். அரைகுறையாகக் கிழித்ததால் லோனெ வாங்கி மிச்சத்தைக் கிழித்தாள். பிறகு யூலியானா மேடையில் ஏறி ஒரே இழுவை இழுத்தாள். நீலப் பட்டு ஒரு சத்தமுமில்லாமல் காற்றில் விரிந்து விழுந்தது.

ஹென்றிக் அதைத் தூக்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். உள்ளும் புறமும் தடவினான். "இது எங்கே திறக்கிறது?"

யூலியானா பாவாடையை அவன் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"அது ஒப்பந்தத்தில் இல்லை."