ஒரே பிள்ளைக்கு இரண்டு பதிவு

பாடத்துக்காக நான் திரையில் போடும் கற்பனை நோயாளிகளுக்கெல்லாம் பெரியக்கா பெயர் வைத்துவிடுவார். "நோயாளி அ, சர்க்கரை வியாதி, இடது காலில் புண்" என்று நான் ஆரம்பித்தால் போதும், மூன்றாவது வரிசையிலிருந்து குரல் வரும்: "வெறும் அ-ன்னா எப்படி மேடம் கூப்பிடறது? பாவம், ஒரு பேரு வச்சு விடுங்க." வகுப்பு சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். மணி அடிப்பதற்குள் அந்த நோயாளிக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கும்.

மருத்துவமனைப் பதிவுகளைக் கணினியில் சேர்த்து, பிழை நீக்கி, வேண்டிய நேரத்தில் வேண்டியவர் கைக்குக் கிடைக்கச் செய்வது எங்கள் துறையின் படிப்பு. மற்ற மாணவர்கள் பள்ளி முடித்த கையோடு வந்தவர்கள். பெரியக்காவுக்கு நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர்தான் இது. இப்போது துறைத்தலைவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். ஒற்றை விரலால் தட்டச்சு செய்வார். எழுத்து கண்ணில் படாவிட்டால், "எங்க போய் ஒளிஞ்சுக்கிட்ட நீ?" என்று விசைப்பலகையோடு சண்டை போடுவார். புள்ளியியல் தாளில் இரண்டு முறை கோட்டை விட்டார். "என் மண்டையில களிமண்ணுதான் மேடம். ஆனா ஈரமான களிமண்ணு. அழுத்தினா பதியும்" என்றார்.

அவருடைய ஒரே மகளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. ஒரு துணிப்பை நிறையக் காகிதங்களைச் சுமந்துகொண்டு பெரியக்கா மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கியிருக்கிறார். ஒவ்வொரு புது டாக்டரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். "ஒரு நாள் மூச்சு விடாம ஒப்பிச்சேன் மேடம். பக்கத்துல உட்கார்ந்திருந்தவ, 'அம்மா, நடுவுல ஒரு ஆபரேஷன விட்டுட்ட'ன்னு எடுத்துக் கொடுக்கறா" என்று என்னிடம் சொன்னபோதுகூட அவர் முகத்தில் சிரிப்புதான் இருந்தது. பெரியவளாகும் முன்பே அந்தப் பெண் போய்விட்டாள். அடுத்த ஆண்டு பெரியக்கா எங்கள் துறையில் சேர்ந்தார்.

மகள் போன பிறகும் அவருடைய கணவரின் கைபேசிக்கு மாதம் தவறாமல் ஒரு குறுஞ்செய்தி வந்துகொண்டிருந்தது. மகளின் பெயரைச் சொல்லி, பரிசோதனைக்கு அழைத்து வரும்படி மருத்துவமனை அனுப்புவது. கணவர் வேன் ஓட்டுகிறவர். செய்தி வந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் படிப்பாராம். அதை நிறுத்தச் சொல்லிப் பெரியக்கா ஒருமுறை மருத்துவமனைக்குப் போன் செய்யப் போனபோது, கணவர் கைபேசியை மெல்ல வாங்கி வைத்துவிட்டார். "வந்துட்டுப் போகட்டும், விடு. அவள இன்னும் பேரு சொல்லிக் கூப்பிடறது அவங்க மட்டும்தான்."

இறுதியாண்டுப் பயிற்சிக்கு அதே மருத்துவமனையின் பதிவறைக்குத்தான் பெரியக்காவை அனுப்பினார்கள். ஒரு காலையில், நரைத்த தாடியோடு ஒருவர் வந்து தன் கைபேசியை அவரிடம் நீட்டினார். மகனை அடக்கம் செய்து சில மாதங்கள் ஆனவர். அவருக்கும் அதே மாதிரிச் செய்தி. கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்று கேட்டார்: "அன்னிக்கு ஆள் மாத்திச் சொல்லிட்டீங்களாம்மா? என் பையன் உள்ளதான் இருக்கானா?"

இல்லை என்று அவருக்குப் பெரியக்காதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி, தண்ணீர் கொடுத்து, வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அன்று மாலை என் அறைக்கு வந்து, ஆய்வுத் திட்டமாக இந்தக் குறுஞ்செய்திகளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் சரி என்றேன்.

காரணம் பெரிய மர்மம் இல்லை. அவசரத்தில் யாரோ பெயரில் ஓர் எழுத்தைத் தவறவிட்டால், கணினி அதை வேறொரு ஆளாக எடுத்துக்கொள்ளும். வார்டில் ஒரு பதிவு, புறநோயாளிப் பிரிவில் ஒரு பதிவு. ஒரே ஆள் ஒரு பதிவில் இறந்திருப்பார். இன்னொன்றில் அடுத்த பரிசோதனைக்கு வர வேண்டியவராக இருப்பார். இப்படி இரட்டையாகக் கிடப்பவர்களை மென்பொருள் தேடித் தரும். ஆனால் இருவரும் ஒருவர்தான் என்று மனிதர் ஒருவர் பார்த்து உறுதி செய்தால்தான் பதிவுகள் ஒன்றாகும். பெரியக்காவும் பதிவறை ஊழியர்களும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்தார்கள்.

அவருடைய மகளின் பெயர் திரையில் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே இருந்ததில் ஒரு துணைக்கால் இல்லை. அந்தத் துணைக்கால் இல்லாத பெண் உயிரோடு இருந்தாள்.

நான் செய்யட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் மேடம். அவளுக்கு எல்லாம் நான்தான செஞ்சேன். இதையும் நானே செஞ்சிடறேன்."

ஆனால் உடனே செய்யவில்லை. தாழ்வாரத்துக்குப் போய்க் கணவருக்குப் பேசினார். விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையில் அவர் வண்டியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டதாம். பிறகு அவர், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பெரியக்கா திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துணைக்காலைச் சேர்த்தார். உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினார். இரண்டு பேர் ஒருத்தியானார்கள். அடுத்த பெயர் வந்தது. அதையும் செய்தார்.

மறுமாதம் செய்தி வரவில்லை. வழக்கமாக அது வரும் நாளில் கணவர் வண்டியை எடுக்காமல் வீட்டிலேயே படுத்துவிட்டாராம். அன்று பெரியக்காவுக்குப் பயிற்சி கிடையாது. வேறு வேலையாக மருத்துவமனைக்குப் போயிருந்த நான், குழந்தைகள் இதயப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் அவரைப் பார்த்தேன். கூட்டம் நெரிந்தது. என்னைக் கண்டதும், "சும்மாதான் மேடம். வீட்ல இருப்பு கொள்ளல" என்றார்.

அப்போது ஒரு தாய், ஒல்லியான சிறுமியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். பெரியக்கா எழுந்து தன் இடத்தில் சிறுமியை உட்கார வைத்தார். அவளுடைய செருப்பின் வார் கழன்று தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. பெரியக்கா குனிந்து, முட்டி போட்டு, அதை மாட்டிவிட்டார். மாட்டி முடித்த பிறகும், அந்தச் சின்னக் கணுக்காலைச் சுற்றியிருந்த கையை அவர் எடுக்கவில்லை.