டாட்டா சொல்லப் படித்த மூன்று வாரம்

தெருவே அவளை "டியூஷன் அக்கா" என்றுதான் கூப்பிடும். மாலை நான்கு மணிக்கு அவள் வீட்டு வாசலில் செருப்புகள் குவியும். ஏழு மணிக்குள் எப்பேர்ப்பட்ட மண்டும் பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துவிட்டுத்தான் வீடு திரும்பும். பரீட்சை என்று ஒன்று வைத்தால் அதில் தேறியாக வேண்டும், அவ்வளவுதான் அவள் கொள்கை.

அப்பேர்ப்பட்டவள் கையில், மகனுக்கு மூன்று வயதானபோது, ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பையன் திரும்புவதில்லை, ஃபேனையே பார்க்கிறான் என்று குழந்தை வளர்ச்சி மையத்துக்குப் போயிருந்தாள். ஆட்டிசம் இருக்கிறதா என்று சோதிக்க மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்து, அன்று கேட்கப்போகும் இருபத்து மூன்று கேள்விகளையும் கையோடு கொடுத்தனுப்பினார்கள். கண்ணைப் பார்க்கிறானா? விரல் நீட்டிக் காட்டுகிறானா? டாட்டா சொல்கிறானா?

வினாத்தாள் முன்கூட்டியே கிடைத்தால் டியூஷன் அக்கா சும்மா இருப்பாளா?

இன்றைக்கும் அந்த மூன்று வாரத்தை நினைத்தால் அவளுக்கு இனிக்கத்தான் செய்கிறது. வேதனையே அதுதான். பாயில் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து, பவுடர் வாசனை அடிக்கும் அந்தக் குட்டி முகத்தைக் கையில் ஏந்தி, "இங்க பாரு கண்ணா, அம்மா கண்ணைப் பாரு" என்று தவம் கிடந்தாள். பதினெட்டாம் நாள் அவன் கையை ஆட்டினான். டியூஷன் பிள்ளைகள் கைதட்டியதில் வீடே அதிர, அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

சோதனை நாளில் டாக்டரம்மா கையாட்ட, பையனும் ஆட்டினான், உள்ளங்கையைத் தன் பக்கமே திருப்பி. அம்மா ஆட்டும்போது அவனுக்குத் தெரிந்தது உள்ளங்கைதானே! உள்ளங்கை எந்தப் பக்கம் என்று படிவம் கேட்கவில்லை; டாக்டரம்மா 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

"பயப்பட ஒண்ணும் இல்லம்மா" என்றார்கள். பஸ் டிப்போ மெக்கானிக்கான கணவர் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டே வீடு வந்தார்.

ஐந்து வயதில் பள்ளிக்கூடம் கைவிரித்தது. மறுபடி சோதித்தபோது ஆட்டிசம் என்று உறுதியானது. "ரெண்டு வருஷம் முன்னாடியே பயிற்சி ஆரம்பிச்சிருக்கலாமே" என்றார்கள். அந்த இரண்டு வருஷத்தை விழுங்கியது யார் என்று அவளுக்குத் தெரியும். கணவரிடம்கூட மூச்சு விடவில்லை.

மகனுக்குப் பன்னிரண்டு வயதானபோது மையத்திலிருந்து கடிதம் வந்தது. படிவத்தைத் திருத்தப்போகிறோம், குறைகளைப் பெற்றோர்தான் சொல்ல வேண்டும் என்று. போனால், பிளாஸ்டிக் நாற்காலிகளில் எட்டுக் குடும்பங்கள். எழுத்து பொடியாக இருக்கிறது என்றார் ஒருவர். கேள்வி நீளம் என்றார் இன்னொருவர். டியூஷன் அக்கா வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி எழுந்து நின்றாள். பக்கத்தில் கணவர்.

"அன்னைக்கு என் பையன் தானா எதுவும் செய்யல டாக்டர். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. பரீட்சைன்னு நெனச்சுட்டேன்."

கணவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. டாக்டரம்மா மற்றவர்கள் பக்கம் திரும்பினார். பிறகு, "வேற யாராவது இப்படிச் செஞ்சீங்களா?" என்று கேட்டார்.

மூலையில் ஒரு கை எழுந்தது. அப்புறம் இரண்டு. கடைசியாக எழுந்தது, கிரீஸ் கறை போகாத அவள் கணவரின் கை.

"டிப்போவுக்குக் கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் டாட்டா காட்ட வெச்சேன். உங்கிட்டச் சொன்னா ஏசுவியோன்னு சொல்லல" என்றார் அவளிடம். ஒன்பது வருஷமாக ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு மூலையில் சுமந்திருக்கிறார்கள், பாவிகள்! அத்தனை பேர் நடுவில் அவள் விசும்பி அழுதாள்.

புதுப் படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் 'தானாகவா, சொல்லிக்கொடுத்தா?' என்று இருக்கிறது. கையாட்டினால் உள்ளங்கை எந்தப் பக்கம் என்றும் கேட்கிறது. முதல் வரி அவள் சொல்லி எழுதியது: 'இது பரீட்சை இல்லை. பிள்ளையைத் தயார் செய்யாதீர்கள்.'

மகனுக்கு இப்போது இருபத்தொன்று. புத்தகம் பைண்டிங் செய்யும் இடத்துக்கு வேலைக்குப் போகிறான். தினமும் காலையில் கேட்டருகே நின்று, உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பி டாட்டா காட்டுகிறான். ஊர்ப் பிள்ளைகளின் தப்பையெல்லாம் திருத்தியவள் இதைத் திருத்தவில்லை. தன் உள்ளங்கையையும் தன் பக்கமே திருப்பி, அவன் தெருமுனை தாண்டும்வரை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள்.