திரும்பும் நேரம்

ஹீட்டருக்கு நேரம் குறிக்கும் புதுப் பெட்டியைச் சுவரில் பூட்டியதும் மகள் கேட்டாள்.

“அம்மா, அப்பா வேலையால எத்தினை மணிக்கு வருவார்? அதுக்கு முன்னம் வீடு சூடாகிற மாதிரிப் போடுறன்.”

நான் அவளின் கையைப் பிடித்தேன்.

யாழ்ப்பாணத்தில், சண்டைக் காலத்தில், வெளிக்கிடும் என் அப்பாவிடம் திரும்பும் நேரத்தை என் அம்மா கேட்கவே மாட்டார். அப்பா சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தத்தோடு வாயை மூடிக்கொள்வார். கேட்டால் அந்த நேரத்துக்கு வராமல் போய்விடுவாராம். ஒருநாள் நான் கேட்டுவிட்டேன்.

“நாலு மணிக்கு வந்திடுவன், பிள்ளை,” என்றார் அப்பா.

மறுநாள்தான் வந்தார், செருப்பில்லாமல். அம்மா என்னைத்தான் அடித்தார்.

“நேரம் போடாதை,” என்றேன். மகள் சிரித்துக்கொண்டே அப்பா வரும் நேரம் ஆறு என்று பதிந்தாள்.

இப்போது ஆறேமுக்கால். வீடு நன்றாகச் சூடேறிவிட்டது. நான் யன்னலைத் திறந்துவைத்து, கீழே இந்தக் குளிர் நாட்டின் லா சப்பல் தெருவைப் பார்த்தபடி நிற்கிறேன்.