துண்டுக்குள் முடிந்த பேரம்

சரக்கு விலைபோக வேண்டுமென்றால் நாலு பொய் சொல்லக் கூசாத பரம்பரை எங்களுடையது. மறைப்பதற்கில்லை. ஆனால் இதில் விற்க ஒன்றுமில்லை, நடந்தது நடந்தபடி. அனுபவப்பட்டவர் என் பெரியம்மா மகன் சுப்புராஜ். நம்பாதவர்கள் அவர் மகள் பிரவீணாவின் வலது மணிக்கட்டைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

1993, ஆனி மாதம். அப்பாவின் மிளகாய் வத்தல் மண்டியில் உட்காராமல் அரசாங்க வேலைக்குப் போன சுப்புராஜ், யூனியன் ஆபீசில் ஓவர்சீயராக இருந்தார். திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே ஒரு கண்மாய். பெயர் வேண்டாம். சினிமாக் கொட்டகையை விட்டால் போக்கிடம் இல்லாத சனம், லீவு நாளில் பிள்ளைகுட்டிகளோடு வந்து உட்கார அதன் கரையில் ஒரு பூங்கா. ஊஞ்சல், நிழற்கூரை, தண்ணீர் வந்தால் படகுச் சவாரி. பிளான் போடும் பொறுப்பு சுப்புராஜுக்கு.

காகிதத்தில் கோடு போடுவது பெரிய வித்தையில்லை. புறம்போக்கு என்றால் ஊரே சொந்தக்காரர். அங்கேதான் வித்தை. ஆட்டுக்கு வழி வேண்டுமென்று முருகலட்சுமி மறித்தாள். ஊஞ்சலை இருபதடி தள்ளிப் போட்டார். துணி துவைக்க மாயக்காள் நாலு படி கேட்டாள், இரண்டில் முடித்தார். வேப்பமரத்தை வெட்டக் கூடாதென்று சண்டைக்கு வந்தவர்களிடம், மரத்தைச் சுற்றி மேடை கட்டித் தருவதாகச் சொல்லி, அவர்களையே கல் சுமக்க வைத்தார். மண்டியில் வளர்ந்த வாய் சும்மாவா போகும்?

மிச்சமிருந்தது படகு மேடை மட்டும். தண்ணீர் கடைசியாக வற்றும் பள்ளம் எதுவோ, அதற்கு நேர்க் கரையில் மேடை போட வேண்டும். பள்ளம் தேடி, அளவுச் சங்கிலி பிடிக்கும் மொக்கையனோடு காய்ந்த கண்மாய்க்குள் இறங்கினார். கூஜாவில் தண்ணீர் தீர்ந்தது. மொக்கையன் ஊருக்குள் போனார்.

மணி 12.05. உச்சிவெயில்.

ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை.

பள்ளத்தின் நடுவே ஒற்றைக் கருவேல மரம். அதன் அடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தோளில் வெள்ளைத் துண்டு.

"படகு விடப் போறீகளோ?"

"ஆமாங்கய்யா. பிள்ளைக சவாரி போகும்."

"பிள்ளைக..." என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சரி. அப்ப எனக்கு என்ன குடுப்பீக?"

சுப்புராஜுக்குச் சிரிப்பு வந்தது. இதோ, நாலாவது சொந்தக்காரர்.

"என்ன வேணும்? வெறகுக்கு மரமா? நடக்கப் பாதையா?"

பெரியவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கைமேல் விரித்துப் போட்டு, கையை நீட்டினார்.

அவ்வளவுதான், சுப்புராஜ் தன்னை மறந்தார். அப்பாவின் மண்டியில் நூறு தடவை பார்த்த காட்சி. துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எத்தனை விரலோ அத்தனை. படியாவிட்டால் துண்டை உதறிவிடுவார்கள், பேரம் முறிந்தது. படிந்தால் உதறாமல் மடித்துத் தோளில் போடுவார்கள். அதன்பிறகு பேச்சு மாறக் கூடாது.

சரக்கு இன்னதென்று தெரியாமல் துண்டுக்குள் கையை விடாதே. மண்டியில் முதல் பாடம் அது.

சுப்புராஜ் கையை விட்டார்.

துண்டு நனைந்திருந்தது. மூன்று மாதமாக ஒரு பொட்டு மழை இல்லை.

பெரியவர் ஐந்து விரலையும் பிடித்தார். சுப்புராஜ் ஒரு விரலைப் பிடித்தார். நாலு. ஒன்று. மூன்று. ஒன்று. அந்தக் கை கிணற்றுக் கல்லாகக் குளிர்ந்திருந்தது. அழுத்தியபோது தோல் தனியாக... எலும்பை விட்டுத் தனியாக... நகர்ந்தது.

கையை இழுத்தார். வரவில்லை.

இரண்டு.

ஒன்று.

"சரி. ஒண்ணு," என்றார் பெரியவர். துண்டை உதறவில்லை. மடித்துத் தோளில் போட்டார். "பேச்சு மாறப்படாது."

சுப்புராஜ் குனிந்து சங்கிலியை எடுத்து நிமிர்ந்தார். யாரும் இல்லை. சுற்றிலும் அரை மைலுக்கு மொட்டைத் தரை. மரத்தடியில், வெடித்த கரம்பை மண்ணில், ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு ஈரம்.

மணி 12.20. மொக்கையன் கூஜாவோடு வந்தார்.

"கையி என்ன சார் இப்படி ஊறிக் கெடக்கு?"

வலது கை மட்டும், நாளெல்லாம் தண்ணீரில் கிடந்தது போல வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"வேர்வைண்ணே," என்றார் சுப்புராஜ்.

வீட்டில் மனைவி சுபத்ராவிடம் பெருமையடித்துக்கொண்டார். "அஞ்சு கேட்ட மனுசன ஒண்ணுக்கு எறக்கிட்டேன் பாத்துக்க."

"எது அஞ்சு?"

எது என்று அவருக்கே தெரியாது. அன்று முதல் ராத்திரித் தூக்கம் இல்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. கண்மாய் நிறைந்தது. கருவேல மரம் முங்கியது. 1994, தை மாதம், பொங்கல் முடிந்து ஊரே வெளியே கிளம்பும் கரிநாளில் திறப்பு விழா. பிளான் போட்டவர் என்று சுப்புராஜுக்கும் ஒரு கதர்த் துண்டு போர்த்தினார்கள். முதல் படகில் எட்டுப் பிள்ளைகள். வலது ஓரத்தில் இரண்டாவதாக, மஞ்சள் கவுனில், ஏழு வயது பிரவீணா. அவர் வேண்டாமென்றுதான் சொன்னார். "ஊரான் பிள்ளைய ஏத்துவீக, நம்ம பிள்ளைய ஏத்த மாட்டீகளா?" என்று சுபத்ரா கேட்ட பிறகு என்ன சொல்வது?

படகுக்காரன் நாகராஜ் துடுப்புப் போட்டான். சளப்... சளப்...

படகு நடுவே போய் நின்றது.

"ஏலே நாகராஜு, காலையில சாப்பிடலையா? எடுத்துப் போடுலே!" கரையில் ஒரே சிரிப்பு.

நாகராஜ் இழுத்தான். தண்ணீர் சுழன்றது. படகு அசையவில்லை.

சுப்புராஜ் வாட்சைப் பார்த்தார். 12.05.

சளப் சத்தம் நின்றது. காற்று நின்றது.

மேடையில் நின்றிருந்த அவர் வலது கை சில்லென்றது. பக்கத்தில் யாருமில்லை. யாரோ அவர் விரலைப் பிடித்தார்கள்.

ஒரு விரலை.

பிள்ளைக சவாரி போகும் என்று இவர் சொன்ன பிறகுதானே, அந்தப் பெரியவர் "எனக்கு என்ன குடுப்பீக" என்று கேட்டார்? அப்படியானால் துண்டுக்குள் விலை பேசிய சரக்கு பிள்ளைகள்தான்...

படகில் பிரவீணா சாய்ந்தாள். அவள் வலது கை தண்ணீருக்குள் போனது. மணிக்கட்டு. முழங்கை. தோள்.

படகு ஒரு பக்கமாக...

சுப்புராஜ் தோளிலிருந்த துண்டைப் பிடுங்கினார். தண்ணீரைப் பார்த்து உதறினார்.

"பேரம் முறிஞ்சது! நான் குடுக்க மாட்டேன்! முறிஞ்சது!"

சிரிப்பு அடங்கியது.

மறுபடி உதறினார்.

மறுபடி...

விரல் விடுபட்டது. படகு ஒரு குதி குதித்தது. 12.12க்கு மேடையில் வந்து முட்டியது. எண்ணினார். எட்டு. மறுபடி எண்ணினார். எட்டு.

பிரவீணா அழவில்லை. "ஒரு தாத்தா என் கையில துண்டச் சுத்துனாகப்பா. விட்டுராத, விட்டுராதன்னு சொன்னாக."

மணிக்கட்டைச் சுற்றி இரண்டு விரற்கடை அகலத்துக்கு, நூல் நூலாக, துண்டின் நெசவு பதிந்திருந்தது. இன்றுவரை அது அழியவில்லை.

அன்று மாலையே, அடியில் சேறு அதிகம், படகுக்கு லாயக்கில்லாத இடம் என்று எழுதிக் கொடுத்தார் சுப்புராஜ். மேலே திட்டு விழுந்தது. வாங்கிக்கொண்டார். படகு கரையேறியது. ஊஞ்சல் மட்டும் மிஞ்சியது.

அடுத்த மாதம் மொக்கையன் வந்தார். தன் பெரியாத்தாள் பெத்தம்மாளிடம் கேட்டதைச் சொன்னார். நாற்பது வருசத்துக்கு முன்னால் ஒரு பெருமழை. மாட்டுத் தரகர் இருளப்பசாமி, பேத்தியைக் கூட்டிக்கொண்டு கண்மாய் வழியாக ஊர் திரும்பியிருக்கிறார். கரை உடைந்து வெள்ளம் இழுத்திருக்கிறது. பிள்ளை கைநழுவாமலிருக்க, அவள் கையையும் தன் கையையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் அந்தப் பள்ளத்தில் அவர் கிடைத்தார்.

"போட்ட முடிச்சு போட்டபடி இருந்துச்சாம் சார். உள்ள பிள்ள கையி இல்ல. பிள்ள கெடைக்கவே இல்ல."

"எத்தனை பேத்தி அவருக்கு?"

"ஒண்ணே ஒண்ணு."

சுப்புராஜ் ஐந்து கேட்டவரை ஒன்றுக்கு இறக்கியதாக நினைத்திருந்தார். ஒன்று வேண்டியவன்தான் ஐந்தில் ஆரம்பிப்பான் என்பது மண்டியில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"அந்தத் துண்டு என்னாச்சுண்ணே?"

"கையை விட்டுப் பிரிக்க முடியலையாம். அப்படியே பொதைச்சுட்டாக. கண்மாய்க்குள்ளதான்... அந்தக் கருவேல மரத்தடியில."

இதை என்னிடம் சொன்னபோது சுப்புராஜ் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் மண்டி வழக்கப்படி, எந்தத் துண்டுக்குள் பேசினோமோ அந்தத் துண்டை உதறினால்தான் பேரம் முறியும்.

அவர் உதறியது விழாவில் போர்த்திய துண்டை.