சிவப்பு ரிப்பன் கட்டிய மூன்று காப்பிச் செடிகள்

நாலாம் வகுப்பைத் தாண்டாத ஆள் நான். சேலத்துக்கு மேலே மலையில், வாழவந்திப் பக்கம் பாறையைக் கடப்பாரையால் பெயர்த்துக் காப்பித் தோட்டம் போட்டேன். ஊற்றுத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றினேன். கொட்டை காயவைக்கச் சிமெண்டுக் களம், ஜீப் வருகிற பாதை, மாடி வைத்த வீடு, எல்லாம் நான் செய்தவை. உனக்கெல்லாம் காப்பி வருமா என்று சிரித்தவர்கள் இன்று என்னிடம்தான் நாற்று வாங்குகிறார்கள்.

ஆனால் இலைத்துரு நோயிடம் மட்டும் நானும் தோற்றேன். இலைக்கு அடியில் மஞ்சள் பொடி அப்பும். பிறகு இலை கொட்டிச் செடி குச்சியாக நிற்கும். ஒரு வருஷம் தோட்டமே அப்படி நின்றபோது பாறையோரம் மூன்று செடிகள் மட்டும் பச்சையாக இருந்தன. அதைக் கவனித்தவன் நான். காப்பி ஆராய்ச்சி செய்கிற ஓர் அம்மணியைக் கூட்டிவந்து காட்டியவனும் நான்.

"துருவைத் தடுக்கிற மரபணு இதுல இருக்கலாமுங்க ஐயா," என்றார் அவர். "இருந்தா, நல்லாக் காய்க்கிற ரகத்தோட இதச் சேத்துப் புது ரகம் கொண்டாரலாம். சோதனைக்கு இலை எடுக்க அடுத்த வாரம் ஐஸ் பெட்டியோட வர்றேன்." அடையாளத்துக்கு மூன்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டுப் போனார்.

என் தோட்டத்தில் சிவப்பு ரிப்பனுக்கு ஒரே அர்த்தம்தான்: தண்டைத் துளைக்கிற புழு விழுந்த செடி, வேரோடு பிடுங்கிக் கொளுத்து. அதை அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஆட்களிடமும் சொல்லாமல் சேலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் தோட்டத்தில் புகை. வேலைக்கு வருகிற கிளியூர்க்காரி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஏனுங்க, பாறையோரம் மூணு செடியில ரிப்பன் இருந்துச்சுங்க. நீங்க சொல்லாமயே புடுங்கிப் போட்டுட்டனுங்க!"

"அடிப் பாவி! அது சாமி மாதிரிச் செடி!"

"சாமிக்கு எதுக்குங்க புழுவுக்குக் கட்டற ரிப்பன்? மஞ்சத் துணியில்ல கட்டோணும்?"

புகைகிற குவியலுக்கு ஓடினேன். இரண்டு கரிந்துவிட்டன. மூன்றாவது குவியலின் ஓரத்தில் வாடிக் கிடந்தது. நேராக மேலே வளர்ந்த இளங்குச்சிகளை மட்டும் வெட்டி மணலில் நட்டு, பாலிதீனால் மூடினேன். பக்கக் கிளையை நட்டால் செடி உயரமாக எழும்பாது. அதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. அம்மணிக்கு ஃபோன் செய்தேன். மறுநாள் காலையிலேயே வந்து மிச்ச இலையைப் பெட்டியில் எடுத்துப் போனார். அதன் பிறகு வாரக்கணக்கில் மணலுக்குத் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தேன்.

குச்சிகள் துளிர்விட்டன. ஒன்றை மெல்லப் பிடுங்கிப் பார்த்தேன், வெள்ளை வேர். சில நாளில் அம்மணி கூப்பிட்டார்: "மரபணு இருக்குதுங்க ஐயா!" களத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா," என்றாள் கிளியூர்க்காரி, "நான் புடுங்கலீன்னா நீங்க நட்டிருப்பீங்களாக்கும்?"

புது ரகம் வரப் பல வருஷம் ஆகுமாம். ஆகட்டும். மரபணுவைக் கண்டவர் என்று அம்மணியின் பெயரை அச்சில் போடட்டும், அது நியாயம். செடியைக் கண்டவன், அதைப் பிழைக்க வைத்தவன் என்று என் பெயரையும் போட வேண்டும். 'உள்ளூர் விவசாயி ஒருவர்' என்று போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.